தராசு யார் கையில்?

அண்மையில் பதுளையில் நடைபெற்ற ஒரு மாணவர் கருத்தரங்குக்கு நாமும் சென்றிருந்தோம். கொழும்பிலிருந்து வந்திருந்த பேச்சாளர் ஒருவர், “நேற்றுவரை நீங்கள் வெறும் பார்வையாளர்கள், இன்று நீங்களே படைப்பாளிகள். கையில் தொலைபேசி உள்ள ஒவ்வொருவரும் ஒரு பத்திரிகை, ஒரு வானொலி, ஒரு திரைப்படக் கூடம்” என்று முழங்கினார். மண்டபம் அதிரக் கைதட்டல் எழுந்தது. தட்டியவர்களுள் பெரும்பாலோர் பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலவிலும் உள்ள லயங்களிலிருந்து பஸ் ஏறி வரும் நம் மாணவர்கள். அவர்களுடைய மகிழ்ச்சியைக் கெடுக்க நமக்கு மனம் வரவில்லை. ஆகவே அன்று வாய்திறக்காது திரும்பினோம். ஆனால் மௌனம் சாதிப்பது ஆசிரியனுக்கு அழகன்று. அன்று சொல்லாததை இங்கே சொல்கிறோம்.

முதலில், நேற்றுவரை நாம் பார்வையாளர்களாக இருந்தோம் என்பதே பொய். மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடைபெறுவதைக் கண்டவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். கம்பம் நட்ட நாள்முதல் நிறைமதியையொட்டிக் காமனை எரிக்கும் இரவுவரை தோட்டமே கூத்தாடும். பகலெல்லாம் கவ்வாத்து வெட்டியவன் இரவில் மன்மதன், மருந்தடித்தவன் ரதி. தப்படிப்பவன் ஒருவன், பந்தம் பிடிப்பவன் ஒருவன், வேடத்துக்குச் சேலை இரவல் கொடுப்பவள் ஒருத்தி. நின்று பார்க்கும் கிழவனும் அடி தவறினால் உரத்துத் திருத்துவான். இங்கே பார்வையாளன் யார், கலைஞன் யார்? அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அப்படியே. தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து மலையிற் பிறந்த பாட்டும் எந்தக் கூடத்திலும் பதிவு செய்யப்படாமலே தலைமுறைகளைக் கடந்து வந்தன. மடக்கும்புரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை இவற்றைத் தேடித் தொகுத்து, 1983-இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாகத் தந்தார். அந்நூலிலுள்ள பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. பாடியவர்கள் இல்லாமற் போனமையால் அன்று. பெயர் எழுதி வைப்பாரின்மையால்.

படைக்கும் மக்களைப் பார்வையாளர்களாக ஆக்கியது யார் என்பதே கேள்வி. தாமஸ் லிப்டன் 1890-இல் இலங்கை வந்து ஊவாவில் தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைக்கு அப்பால் டம்பத்தென்னையில் அவர் எழுப்பிய தொழிற்சாலை இன்றும் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்சிப் பொருள். இலங்கைத் தேயிலை எங்கெங்கு சென்றதோ அங்கெல்லாம் கூடை சுமந்த பெண்ணொருத்தியின் படமும் சென்றது. பெட்டியில், சுவரொட்டியில், பத்திரிகை விளம்பரத்தில் அவள் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். இந்த மலைகளிலிருந்து உலகச் சந்தைக்குச் சென்ற மிகப் பெரிய ‘ஊடக உள்ளடக்கம்’ அந்தச் சிரிப்புத்தான். சிரித்தவளுக்கு அதிற் பங்கில்லை. அந்தப் படத்தைப் பார்க்கவும் அவளுக்கு வாய்ப்பிருந்ததா என்பது ஐயமே.

இப்படிப் படமாவது மட்டுமே நமக்கு விதிக்கப்பட்ட பாத்திரம் என்பதை 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் மீண்டும் கண்டோம். அன்று காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து உண்டென்று முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம் அது. சில நாட்கள் உலகத்துக் கமராக்கள் எல்லாம் அங்கே நின்றன. மாண்டவர் தொகை செய்திக்குச் செய்தி நூற்றுக்கணக்கில் மாறியது. அழுத முகங்கள் தொலைக்காட்சியை நிரப்பின. பிறகு கமராக்கள் போயின. எச்சரித்தபின்னும் அம்மக்களுக்கு மாற்று நிலம் கிடைக்காதது ஏன் என்னும் கதையை அவர்களே சொல்லும் ஒரு கருவி அப்போது அவர்கள் கையில் இருந்திருந்தால்? இந்த ஏக்கம் நமக்கும் உண்டு. ஆகையால் கருவி வந்ததை நாம் வெறுக்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

கருவியைப் பற்றிக் கொள்வது எப்படியென்று நமக்குக் கற்பித்தவர்கள் முன்னரே இருந்தார்கள். கோ. நடேசய்யர் அந்நியர் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்தில் நுழைந்தார் என்பது மலையகம் முழுவதும் வழங்கும் செய்தி. 1931-இல் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த அவரும் அவர் மனைவி மீனாட்சியம்மையும் செய்த மற்றொரு காரியத்தை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. அம்மையார் பாடல்களை எழுதினார். கூட்டங்களில் தாமே பாடினார். மக்கள் அறிந்த மெட்டுகளில் மக்களுடைய துயரை வைத்தார். அவை சிறு பிரசுரங்களாகத் தோட்டங்களுக்குட் சென்றன. எழுத்தறியாதவரும் கேட்டு மனனம் செய்து திருப்பிப் பாடினர். அந்தப் பிரசுரங்களையும் ‘தேசபக்தன்’ போன்ற ஏடுகளையும் நடத்தியவர்கள் அவர்களே. பாட்டும் அவர்களுடையது, பாட்டை ஏற்றிச் சென்ற வண்டியும் அவர்களுடையது. இதனை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

அறுபதுகளில் வீரகேசரி மலைநாட்டு எழுத்தாளருக்கெனச் சிறுகதைப் போட்டிகளை நடத்தியபோது, அதுவரை வாசகராக இருந்த தோட்டத்து இளைஞர்கள் கதை எழுதினர். அக்கதைகள் ‘கதைக்கனிகள்’ என 1971-இல் நூலாயின. ஹாலி-எலைக்கு அருகே ஊவாக்கட்டவளையிற் பிறந்து, தாம் தொழில் பார்த்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் அந்தத் தலைமுறையின் மகத்தான பெறுபேறு. அன்றும் ஏட்டின் உரிமை பிறர் கையில்தான் இருந்தது. ஆனால் ஆசிரியர் பீடத்தில் ஒரு மனிதர் இருந்தார். கதை திரும்பி வந்தால் ஏன் திரும்பியது என்று கடிதம் எழுதிக் கேட்கலாம்.

வானொலிக்கு வருவோம். ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் 1932-இலேயே, வானொலி ஒருபக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும் கருவியாக இருத்தலாகாது, கேட்பவனையும் பேசவைக்கும் கருவியாக மாறவேண்டும் என்று வாதிட்டார். அரைநூற்றாண்டு கழித்து இலங்கையில் அதற்கொரு பரிசோதனை நடந்தது. 1981-இல் மகாவலி சமூக வானொலி, 1989-இல் கொத்மலை. அணையின் பொருட்டு இடம்பெயர்க்கப்பட்ட மக்களிடையே ஒலிவாங்கியைக் கொண்டுசென்றார்கள். 1999-இல் கொத்மலை நிலையத்தில் இணையத்தையும் இணைத்தார்கள்: கேட்போர் கேள்வி அனுப்புவர், நிலையத்தார் இணையத்திற் தேடி விடையை அவர்களுடைய மொழியில் ஒலிபரப்புவர். உலகத்து அறிஞர்கள் வந்து பார்த்து வியந்தனர். 2003-இல் நமது ஊவாவிலும் சமூக வானொலி தொடங்கியது. மறுக்கவில்லை, நல்ல முயற்சிகள். ஆயினும் இவையெல்லாம் அரசின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழேயே இயங்கின. சமூகம் பேசியது, அனுமதிப்பத்திரம் சமூகத்திடம் இல்லை. ‘சமூக’ என்பது பெயரடையாக நின்றதேயன்றி உடைமையாகவில்லை.

இனி இன்றைய காலத்துக்கு வருவோம். யூடியூப் 2005-இல் பிறந்தது. மறு ஆண்டே 165 கோடி டொலருக்குக் கூகிள் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அந்த ஓராண்டுக்குள் அந்த விலையைப் பெறக்கூடியதாக அதற்குள் இருந்தது என்ன? உலகெங்குமுள்ள மக்கள் தாமாக எடுத்துப் போட்ட படங்களே. விலை பெற்றவர்கள் வேறு. அத்தளத்தின் கணக்கு முறை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும். ஓராயிரம் பேர் சந்தா சேரவேண்டும். நீண்ட காணொளிகளாயின் பன்னிரண்டு மாதங்களில் 4,000 மணிநேரம் மக்கள் பார்த்திருக்கவேண்டும். அதன்பின்பே விளம்பர வருமானத்தில் நூற்றுக்கு 55 படைத்தவனுக்கு, 45 கம்பெனிக்கு. முன்னர் 10,000 பார்வை இருந்தாற் போதுமென்றிருந்தது. 2018-இல் கம்பெனி நியதியை உயர்த்தியது. எவரைக் கேட்டு? நம் தாய்மாருக்கு 2021-இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக உயர்ந்தபோது, பல தோட்டங்களில் ஒரு நாட்பேருக்குப் பறிக்க வேண்டிய கிலோவையும் சேர்த்து உயர்த்தவில்லையா? கிலோ குறைந்தால் அரைப்பேர். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று தராசடியில் கழிவு. இத்தனைக்கும் அங்கே தராசு கண்ணுக்குத் தெரிகிறது; முள் ஏறுவதும் இறங்குவதும் தெரிகிறது. இங்கே தராசு தெரியாது. எதைப் பலருக்குக் காட்டுவது, எதை மறைப்பது என்று தீர்மானிக்கும் கணக்கு கம்பெனியின் இரகசியம்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. மேற்சொன்ன எல்லையை எட்டாதவர்களின் காணொளிகளிலும் விளம்பரம் போட்டுக்கொள்ளும் உரிமையை அக்கம்பெனி 2020-இன் இறுதியில் தனக்குத்தானே எழுதிக்கொண்டது. படைத்தவனுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. அதாவது கொழுந்தை நிறுத்து எடுத்துக்கொள்வது, ஆனால் பேர் போடாமல் விடுவது. எந்தத் துரையும் வெளிப்படையாகச் செய்யத் துணியாத காரியம் இது. ‘படைப்பாளி’ என்ற பட்டம் இருக்கிறதே, அது போதாதா என்கிறார்கள் போலும்.

நம் அனுபவமொன்றைச் சொல்லவேண்டும். தளத்தின் பெயர் வேண்டாம். ஒன்றைச் சொல்லி மற்றவற்றை நல்லவையாக்குவது நம் நோக்கமன்று. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நம் மாணவர் மூவர், காமன் எரிக்கும் இரவு முழுவதும் விழித்திருந்து கூத்தைப் படமெடுத்தனர். இரவல் வாங்கிய கைத்தொலைபேசி, பந்த வெளிச்சம். மறுவாரம் அதனை ஒரு தளத்தில் வெளியிட்டார்கள். இருநூறு பேர் பார்த்தார்கள். அதிற் பாதி கொழும்புக் கடைகளிலும் மத்திய கிழக்கு நாடுகளிலும் வேலை செய்யும் சொந்த ஊர்க்காரர். பின்பு வேறொருவர் அதே காணொளியை இறக்கி, தம் முத்திரையைப் பதித்து, திகிலூட்டும் தலைப்பொன்றும் இட்டு வெளியிட்டார். அதனைப் பல்லாயிரம் பேர் பார்த்தனர். அத்தோடு போகவில்லை: நம் பிள்ளைகளின் பதிப்பு ‘நகல்’ என்று நீக்கப்பட்டது. முறையிட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரு பதில் வந்தது. அதனை எடுத்துக்கொண்டு ஆங்கில ஆசிரியரிடம் ஓடினார்கள். இயந்திரம் எழுதிய பதிலென்று அவர் சொன்னார். தராசடியில் அநியாயம் நடந்தால் கணக்கப்பிள்ளையின் முகத்துக்கு நேரே ஏசலாம், தலைவரை அழைக்கலாம், கூடையை வைத்துவிட்டு உட்காரலாம். இங்கே ஏசுவதற்கு ஒரு முகமும் கிடைக்கவில்லை.

நம் வாதத்தை மறுப்போர் 2018-ஆம் ஆண்டைக் காட்டக்கூடும். அவ்வாண்டு அக்டோபரில் ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் கேட்டு மலையக இளைஞர்கள் கறுப்புடையுடன் கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டனர்; அழைப்புப் பெரிதும் முகநூல் வழியே பரவியது. உண்மை, அந்த நாளை நாம் பெருமையுடன் நினைக்கிறோம். கட்சித் தலைவர்களின் மேடையை நம்பியிராது இளைஞர்கள் தாமே கூடிய நாள் அது. ஆனால் அதே ஆண்டு மார்ச்சிலும் அடுத்த ஆண்டு ஏப்ரலிலும் அரசு அத்தளங்களை நாடு முழுவதும் முடக்கியதையும் நினைவிற் கொள்ளுங்கள். இரவல் மண்வெட்டியாலும் நிலத்தைக் கொத்தலாம், கொத்தினோம். உடையவன் திருப்பிக் கேட்கும்போது என் செய்வது என்பதே நம் கேள்வி.

இன்னொரு சாராரும் உளர். அவர்கள் நம் ஆசிரியர் அறையிலேயே இருக்கிறார்கள். டிக்டொக்கில் ஆடும் பிள்ளைகளைக் கண்டு, “கலாசாரம் கெட்டது” எனத் தலையிலடித்துக்கொள்கிறார்கள். இவர்களுடைய பாட்டன்மாரும் தப்பைக் கேட்டு இப்படித்தான் முகம் சுளித்திருப்பார்கள். இவர்களோடு வாதிட இடம் போதாது.

வேறு வழி உண்டா? உண்டு, அதனைக் காட்டியவர்களும் தமிழர்கள்தாம். கணினியில் தமிழ் எழுத்தைக் காணும் வேட்கையுடன் தொண்ணூறுகளில் நம்மவர் காத்திருந்தபோது, பெருங்கம்பெனிகளுக்கு அதில் இலாபம் தோன்றவில்லை. சுவிட்சர்லாந்திற் பணியாற்றிய வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைச் செய்து இலவசமாக வழங்கினார். 1998 பொங்கலன்று பழந்தமிழ் நூல்களை மின்னூல்களாக்கும் மதுரைத் திட்டத்தையும் தொடங்கினார். முகுந்த்ராஜ் ‘எ-கலப்பை’ என்னும் தட்டச்சுச் செயலியைத் தந்தார். பாமினி எழுத்துருவிற் சிறைப்பட்டுக் கிடந்த ஈழத்து எழுத்துகளை ஒருங்குறிக்கு மாற்றச் சுரதா யாழ்வாணன் ‘பொங்குதமிழ்’ செயலியை ஆக்கினார். கம்பெனியொன்றின் கட்டளைக்காக இவர்கள் இவற்றைச் செய்யவில்லை. பயன்படுத்த ஒன்று தேவைப்பட்டது, இல்லை, ஆகவே ஆக்கினார்கள். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கியதன் பின்னணியும் இதையொத்ததே. அடிக்கடி தாள் சிக்கும் அச்சியந்திரத்தின் மென்பொருளைத் திருத்த முனைந்தபோது, அதன் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. பயன்படுத்துபவனுக்குத் திறந்து பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்து வளர்ந்தது.

2003-இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்கத்தில் ஏறத்தாழத் தனி ஒருவராக உழுதவர் இ. மயூரநாதன், கட்டிடக்கலை அவர் தொழில். 2017-இல் அதன் கட்டுரைகள் ஓரிலட்சத்தைக் கடந்தன. 2005-இல் இலங்கைத் தமிழ் இளைஞர்கள் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தை ஆக்கினார்கள். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்தின் பதில் அது. மலையகத்து ஏடுகளும் நூல்களும் இன்று அங்கே பேணப்படுகின்றன. இந்த இடங்களில் விளம்பரமில்லை. யார் எந்த வரியைச் சேர்த்தார், எவர் நீக்கினார் என்பது விக்கிப்பீடியாவில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நீக்கியவருடன் வாதிடலாம், தமிழிலேயே வாதிடலாம். தராசு நடுவீட்டில் தொங்குகிறது. (இப்பொதுச் சொத்தையும் இன்று செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிகள் தம் ஆலைக்குக் கொழுந்தாக அள்ளுகின்றன. அது தனிக் கட்டுரைக்குரிய வழக்கு.)

ஆனால் இந்த முற்றத்தில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேரைக் காண்கிறோம்? 2021-இல் கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, லுணுகலையில் மாணவர்கள் காட்டினுள்ளே மரத்தின்மேல் சுமார் 30 அடி உயரத்திற் கட்டிய பரணில் ஏறி அலை பிடித்த செய்தி உலகெங்கும் வெளியாயிற்று. அப்போதும் அவர்கள் படமானார்கள். மரத்திலேறிப் பாடம் இறக்கும் பிள்ளை மென்பொருள் எழுதுவது எப்போது? காட்சிக்கு இறங்கும் காணொளிக்கு மலிவான டேட்டாப் பொதி கடையிற் கிடைக்கிறது. விசைப்பலகையோடு ஒரு கணினி லயத்தில் இல்லை. பாடசாலையில் உள்ள கணினி அறையின் திறப்பு அதிபரின் மேசை இழுப்பறையில் உறங்குகிறது. பழுதாகிவிடும் என்ற அச்சம். இந்த அச்சத்துக்கு நாமும் பல ஆண்டுகள் துணைபோனோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். பிள்ளைகளுக்குத் தொல்காப்பியச் சூத்திரம் கற்பித்தோம். ஒருங்குறியில் அவர்கள் தம் தோட்டத்தின் பெயரைத் தட்டச்சிடக் கற்பிக்கவில்லை. கொழும்புப் பேச்சாளரைக் குறைசொல்லும் முன் இதனைச் சொல்வதே நேர்மை.

அந்தத் திறப்பைக் கேட்டு வாங்கினோம். மூன்று மாணவர்களும் நீக்கப்பட்ட காணொளியின் மூலத்தைப் பாடசாலைக் கணினியிலும் தனி வட்டிலும் ஏற்றிவைத்தார்கள். கூத்தைப்பற்றிய கட்டுரையொன்றைப் பொதுக் கலைக்களஞ்சியத்துக்காக எழுதத் தொடங்கினார்கள். முதல் வரைவைச் சான்றில்லை என்று எவரோ திருப்பியபோது கோபப்பட்டு, மறுவாரம் நூலகத்திற் சான்று தேடினார்கள். பல ஆசிரியர்கள் இதனைப் பரீட்சைக்கு உதவாத வேலை என்கிறார்கள். பெற்றோர் சிலரும் அப்படியே எண்ணுகிறார்கள். அவர்களை நாம் குறைகூறோம்.

காணொளியை மீண்டும் வெளியிடுமுன் கூத்து வாத்தியாருக்குக் காட்டவேண்டும் என்று பிள்ளைகள் விரும்பினர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய காம்பராவுக்குச் சென்றோம். எழுபதைக் கடந்தவர். சிறு திரையைக் கண்ணருகே பிடித்து முழுவதும் பார்த்தார். இறுதியில் ஓடிய பெயர்களை மாணவன் ஒருவன் வாசித்துக் காட்டினான்: படமெடுத்தவர், தொகுத்தவர், வெளியிட்ட பாடசாலை.

“ஆடுனவன் பேரு?” என்றார் வாத்தியார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தனர்.

“தப்படிச்சவன் பேரு? பந்தம் பிடிச்சவன்? சேல குடுத்த புள்ளைக்குப் பேரு போட்டீங்களா, தம்பி? எழுதுங்க, சொல்றேன்.”

கொப்பி ஒன்றை எடுத்தார்கள். அவர் சொல்லச் சொல்ல முப்பத்தொரு பெயர்கள் எழுதப்பட்டன. அவற்றுள் இருவர் இறந்துவிட்டவர்கள். அவர்கள் ஆடிய ஆண்டையும் பக்கத்தில் குறிக்கச் சொன்னார்.